கோகோ கோலா லோகோவின் எழுத்து யாருடையது? குடியை விட்ட ஒரு வாத்தியாரின் கதை

கோகோ கோலா லோகோவில் 'சி' எழுத்தின் வால் ரிப்பன் மாதிரி நீண்டு ஓடும் இல்லையா? அந்தப் பாணிக்குப் பெயர் ஸ்பென்சீரியன். அமெரிக்க எழுத்து வாத்தியார் பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் உருவாக்கியது.

1800-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா இறந்துபோக, குடும்பம் ஓஹியோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பேப்பர் கிடைப்பதே கஷ்டம். மரப்பட்டை, மணல், பனி, தோல் துண்டு எனக் கிடைத்ததில் எல்லாம் எழுதிப் பழகினார். ஏரிக்கரைக் கூழாங்கல்லின் முட்டை வடிவத்தைப் பார்த்துதான் எழுத்துகளை வளைத்தார் என்பார்கள்.

இளம் வயதில் குடி அவரை ஆட்டிப்படைத்தது. பிறகு அடியோடு விட்டுவிட்டு, மதுவிலக்குக்காகப் பேசவும் செய்தார். ஓஹியோவின் ஜெனீவாவில், தன் பண்ணையிலேயே மரக்கட்டை வீட்டில் எழுத்துப் பள்ளி நடத்தினார்.

இன்று கல்யாணப் பத்திரிகையில் இந்தப் பாணி ஃபான்ட்களைப் பார்க்கும்போது வெறும் அலங்காரம்னு தோணும். உண்மையில் இது ஆபீஸ் வேலைக்கான எழுத்து. கணக்கு, கடிதம், ரசீது எல்லாமே கையால் எழுதிய காலம் அது. கை வலிக்காமல், பேனாவை அதிகம் தூக்காமல், வேகமாக எழுத வேண்டும். அதற்கு விரலோடு முன்கையையும் சேர்த்து அசைக்கக் கற்றுக்கொடுத்தார்.

1864-ல் ஸ்பென்சர் இறந்தார். மகன்கள் பாடப் புத்தகங்கள் போட்டு எழுத்தைப் பரப்பினார்கள். 1886-ல் அட்லாண்டாவில் கோகோ கோலா வந்தபோது பெயர் வைத்து, இதே பாணியில் எழுதியும் கொடுத்தவர் ஃபிராங்க் ராபின்சன். அவரும் கணக்கு எழுதுபவர்தான். அந்தப் பானம் அப்போது விற்கப்பட்டது எப்படித் தெரியுமா? மதுவுக்கு மாற்றாக!

பிறகு ஆபீஸ்களை டைப்ரைட்டர் பிடித்துக்கொண்டது. எழுத்து லோகோவிலும் அழைப்பிதழிலும் தங்கிவிட்டது. நீங்கள் பயன்படுத்தினால் பெயருக்கு மட்டும், பெரிய சைஸில் போடுங்கள். முகவரியையும் இதில் போட்டால் மெல்லிய கோடுகள் மொபைல் திரையில் காணாமலே போய்விடும்.