கைதவறி விழுந்த கல்

பிரான்சு தேசத்தில் ஓர் ஏழை நெசவாளிக்கு 1743-ல் பிறந்தவர் ரெனே ஜஸ்ட் ஹாயி. பாதிரியார் ஆனார், பாரிஸ் நகரில் வாத்தியார் வேலையும் பார்த்தார்.

ஒரு நாள் நண்பர் வீட்டில் கால்சைட் என்னும் படிகக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். கைதவறியது. கல் உடைந்தது! வெட்கத்துடன் குனிந்து பொறுக்கியவர் திகைத்துப் போனார். உடைந்த துண்டுகளெல்லாம் சாய்ந்த பெட்டிபோல ஒரே வடிவம்! வீட்டுக்குப் போய், ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த தம் கால்சைட் கற்களையும் உடைத்தார். யாருக்கு மனம் வரும்? வெளியே வெவ்வேறு தோற்றம். உள்ளே அதே பெட்டி. செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்புவதுபோல, நுண்ணிய கட்டிகள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்தே படிகம் உண்டாகிறது என்று கண்டார்.

1792-ல் புரட்சி அரசாங்கத்துக்குப் பிரமாணம் செய்ய மறுத்ததால் சிறைப்பட்டார். அங்கேயும் கற்களை வரவழைத்து ஆராய்ந்தார்! அவரைக் காப்பாற்ற மாணவர் ஜெஃப்ராய் விடுதலை உத்தரவுக்கு வழி செய்தார். உத்தரவு வந்தபோது இரவு. காலையில் போகலாம் என்று ஹாயி சாவகாசமாகத் தங்கிவிட்டார்! அவர் வெளியேறிய சில நாட்களில் அச்சிறையிலிருந்த பாதிரியார்கள் பலர் கொல்லப்பட்டனர்.

கண்ணுக்குத் தெரியாத கட்டிகளை மாணவருக்கு எப்படிக் காட்டுவது? பேரிக்காய் மரத்தில் படிக வடிவங்களைச் செதுக்கச் செய்தார். சிலவற்றில் கட்டிகள் படிப்படியாய் ஏறுவது தெளிவாகத் தெரியும். 1822-ல் அவர் காலமானார். அந்த மரப் படிகங்களில் 500-க்கு மேல் ஹாலந்திலுள்ள ஹார்லெம் நகரப் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றன.