பெரியநாயகி மாதாவைத் தந்த வீரமாமுனிவர்



நம் முன்னோர் முழந்தாளிட்ட பழைய கோவில்களின் பீடங்களில் வர்ணம் தீட்டிய மரச் சுரூபங்களைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் நிறம் மங்கியிருக்கும். சிலவற்றில் விரல் ஒடிந்திருக்கும். இவற்றை எடுத்துவிட்டுப் பளபளப்பாகப் புதிது ஒன்று வாங்கி வைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்குமுன், தேவமாதாவின் சுரூபம் ஒன்றுக்காக ஒரு குருவானவர் எடுத்த பிரயாசையை அறிந்துகொள்ளுங்கள்.

இத்தாலி தேசத்திலே, அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்த காஸ்திலியோனே என்னும் ஊரிலேயே, 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி பிறந்தவர் பெஸ்கி சுவாமியார். 1698-ல் சேசு சபையில் சேர்ந்தார். 1710-ல் கோவாவில் வந்திறங்கி, மறு ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்தார். இங்கே காவி உடுத்தி, புலால் நீக்கி, தமிழ்ப் புலவர்களிடம் மாணாக்கனாய் அமர்ந்தார். தச்சுத் தொழில் செய்து திருக்குடும்பத்தைக் காத்த அர்ச். சூசையப்பரின் சரித்திரத்தை 3,615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காவியமாகப் பாடி 1726-ல் முடித்தார். 1732-ல் சதுரகராதி தந்தார். நம் பிள்ளைகள் ஏ, ஓ என்று எழுதுகிறார்களே, அந்தத் திருத்தமும் அவர் செய்ததே. தமிழுலகம் அவரை வீரமாமுனிவர் என்று அழைத்தது.

விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் அவர் தேவதாய்க்கு ஒரு கோவில் எழுப்பினார். பீடத்தில் வைக்கச் சுரூபம் வேண்டும். ஐரோப்பிய உடையில் ஒன்றை வரவழைப்பது அவருக்கு எளிது. ஆனால் அவர் விரும்பியது வேறு. தமிழ்ப் பெண்ணைப்போலச் சேலை உடுத்தி, சேசு பாலனைக் கையில் ஏந்திய தாயாக ஒரு படம் எழுதுவித்தார் என்றும், மயிலாப்பூர் மேற்றிராணியார் மூலமாக அதை மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செய்வித்தார் என்றும் அவர் சரித்திரத்தை எழுதிய முன்னோர் கூறுகிறார்கள். மரத்திலும் தந்தத்திலும் சுரூபம் செதுக்குவதில் அக்காலத்து மணிலாச் சிற்பிகள் பேர்பெற்றவர்கள். கடல் கடந்து வந்த அன்னைக்குப் பெரியநாயகி என்று தமிழ்ப் பெயர் சூட்டினார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் பேரில் பிரபந்தங்களும் பாடினார்.

ஏன் இவ்வளவு சிரமம்? எழுத்தறியாத ஏழைத் தாய் கோவிலுக்குள் நுழைந்து பீடத்தை ஏறிட்டுப் பார்க்கும்போது, அங்கே இருப்பவள் அந்நியப் பெண் அல்ல, தன் தாய் என்று உணர வேண்டும். தேம்பாவணி படித்தவர்களுக்கு, சுரூபம் எல்லாருக்கும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. மரச் சுரூபத்தின்மேல் நேரே வர்ணம் பூசுவதில்லை. தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தில் சுண்ணப்பொடி குழைத்துப் பல முறை பூசி, உலர்த்தித் தேய்த்து, அதன்மேலேயே வர்ணமும் பொன் தகடும் ஏற்றுவது பழைய முறை. ஈரம் பட்ட தோல் என்னவாகும் என்று நம் ஊர்த் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வஜ்ஜிரமும் அப்படியே, நீர் பட்டால் இளகும், வர்ணம் உரிந்து போகும். ஆகவே திருநாள் வந்ததென்று சுரூபத்தைத் தண்ணீரால் கழுவாதீர்கள். கதவுக்குப் பூசும் பெயிண்டை அர்ச்சியசிஷ்டவர்களின் முகத்தில் பூசாதீர்கள். மெழுகுவர்த்தியை எட்டி வையுங்கள். கரையான் தென்பட்டால் பங்குக் குருவிடம் உடனே தெரிவியுங்கள்.

வீரமாமுனிவர் முதுமையில் மலையாள நாடு சென்று, 1747-ல் அம்பழக்காட்டில் மரித்தார். 1968-ல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அவரோ தமக்கென்று சிலை தேடியவர் அல்லர். தம் மக்களுக்குத் தாயைத் தேடித் தந்தவர்.

அடுத்த முறை பழைய கோவிலுக்குப் போகும்போது உங்கள் பிள்ளைகளை அந்த மங்கிய சுரூபத்தின் முன் நிறுத்தி, அவர்களுடைய பாட்டனும் பாட்டியும் அங்கேதான் அழுது ஜெபித்தார்கள் என்று சொல்லுங்கள். பெரியநாயகி அன்னை நம் குடும்பங்களைக் காப்பாளாக!