தன்னையே சோதித்த மருத்துவர்

இதய அறுவை சிகிச்சை என்றால் நோயாளி முழு மயக்கத்தில் இருப்பார், சுவாசக் கருவி அவருக்காக மூச்சு விடும் என்பதே நாம் அறிந்தது. நுரையீரல் கடுமையாகப் பழுதுபட்டவர்களுக்கோ அக்கருவியிலிருந்து மீள்வதே பெரும்பாடு. அத்தகையோர் சிலருக்கு, முதுகுத்தண்டையொட்டி மருந்து செலுத்தி, நெஞ்சை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும்போதே பைபாஸ் அறுவை செய்திருக்கிறார்கள். இம்முறையின் வேர்களைத் தேடிச் சென்றால் ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியரைச் சந்திப்போம்.

1861-இல் பிறந்த பியர், கீல் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தார். 1898 ஆகஸ்ட் 16 அன்று 34 வயதுத் தொழிலாளி ஒருவர் அவரிடம் வந்தார். காசநோய் அவரது கணுக்கால் மூட்டைத் தாக்கியிருந்தது. முன்பு முழு மயக்கத்தில் பெரும் அவதிப்பட்டவர் அவர். பியர் அவரது தண்டுவட நீரில் கோகெயினைச் செலுத்தினார். வலியின்றி அறுவை முடிந்தது. ஆனால், பின்னர் தலைவலியும் வாந்தியும் வந்தன.

அந்தத் துன்பத்தின் காரணத்தை அறிய, எட்டு நாள்கள் கழித்துத் தம் முதுகையே உதவியாளர் ஹில்டெபிராண்டிடம் காட்டினார் பியர். ஊசியும் குழலும் பொருந்தாமல் தண்டுவட நீர் வெளியேறியது. பிறகு ஹில்டெபிராண்ட் தம்மைச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். சுத்தியலால் கணைக்கால் எலும்பில் அடித்தும் அவருக்கு வலிக்கவில்லை. பியரோ ஒன்பது நாள்கள் தலைவலியால் வருந்தினார். படுத்தால் மட்டுமே அது தணிந்தது. 1899-இல் வெளியிட்ட கட்டுரையில் வெற்றியுடன் துன்பத்தையும் பதிவு செய்தார். நச்சுத்தன்மை குறைந்த மருந்து கிடைக்கும்வரை அம்முறையைப் பரப்பத் தயங்கினார்.

பொருளியல் பயிற்றுவித்த எனக்கு இத்தயக்கமே பெரிதாகத் தோன்றுகிறது. ஒரு புதுமையின் புகழ் ஒருவருக்கும் அதன் செலவு வேறொருவருக்கும் போய்ச் சேர்வதே வழக்கம். பியர் அச்செலவின் ஒரு பகுதியைத் தம் உடலில் ஏற்றார்.

பின்னர் பெர்லினில் பேராசிரியரானார். 1908-இல், கையின் ரத்த ஓட்டத்தைக் கட்டி நிறுத்தி, ரத்தக்குழாய் வழியே புரோகெயினைச் செலுத்தி மரக்கச் செய்யும் முறையை அளித்தார். அவரை மாசற்றவராக்க நான் விரும்பவில்லை. 1937-இல் நாஜி அரசின் தேசியப் பரிசை ஏற்றவர் அவர். 1949-இல், தாம் வளர்த்த காடு சூழ்ந்த சாவென் கிராமத்தில் மறைந்தார்.

இன்று இதய அறுவையின்போது ரத்தம் உறையாதிருக்க மருந்து தருகிறார்கள். அந்நிலையில் முதுகுத்தண்டருகே கசிவு ஏற்பட்டால், அரிதாகவேனும், கால்கள் செயலிழக்கக்கூடும். எனவே, விழித்திருக்கும் நோயாளி என்ற வியப்பு மட்டும் போதாது. நுரையீரலுக்குக் கிடைக்கும் நன்மையையும் தண்டுவடத்துக்கு உள்ள இடரையும் நோயாளிக்குப் புரியும்படி சொல்லியே முடிவெடுக்க வேண்டும். பியருக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே.