முகக்கவசம் அணிவித்த மருத்துவர்

இன்றைய மலேசியாவின் பினாங்குத் தீவில், சீனப் பொற்கொல்லர் ஒருவரின் மகனாக 1879ஆம் ஆண்டு பிறந்தவர் வூ லியன் தே. கல்வியில் சிறந்த அவர், உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். பின்னர்ச் சீனா சென்று, தியான்ஜின் நகரின் படைமருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில், சீனாவின் வடகிழக்கே மஞ்சூரியாவில் கொடிய கொள்ளைநோய் பரவியது. இருமிக் குருதி உமிழ்ந்தோர் ஓரிரு நாள்களில் மாண்டனர். அரசு வூவை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 31.

இறந்தவர் ஒருவரின் உடலை ஆராய்ந்த வூ, அந்நோய் பிளேக் என்று கண்டறிந்தார். எலிகளின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சிகளாலேயே பிளேக் பரவும் என்பது அக்கால நம்பிக்கை. இதுவோ நுரையீரலைத் தாக்கி, இருமலால் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்றார் அவர். மெல்லிய துணி மடிப்புகளுக்கிடையே பஞ்சு வைத்த முகக்கவசத்தை அனைவரும் அணிய வேண்டினார். மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதனை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைச் சோதித்த அவர், சில நாள்களில் அந்நோய்க்கே இரையானார்.

நோய் உறுதியானவர், நோய் இருக்குமோ என ஐயுறப்பட்டவர், அவர்களோடு பழகியவர் என மூவகையினரையும் வூ தனித்தனியே தங்கவைத்தார். ஐயுறப்பட்டவரை நோயாளிகளோடு சேர்த்தால், நோயற்றவருக்கும் நோய் தொற்றும். வீட்டிற்கு அனுப்பினால் குடும்பமே அழியும். எனவே, பழகியவர்களைச் சரக்கு இரயில் பெட்டிகளில் தங்கவைத்து, உடல்வெப்பத்தைக் கண்காணிக்கச் செய்தார்.

நிலம் பனியால் இறுகியதால், ஈராயிரத்திற்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. முன்னோர் உடலை எரிப்பது அம்மக்களின் மரபன்று. வூ அரசரின் இசைவு பெற்று அவற்றை எரித்தார். 1911 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் முற்றிலும் அடங்கியது. அதற்குள் மஞ்சூரியாவிலும் அண்டைப் பகுதிகளிலும் ஏறத்தாழ 60,000 பேர் இறந்திருந்தனர்.

வூ 1960ஆம் ஆண்டு பினாங்கில் மறைந்தார். பிளேக் ஒரு பாக்டீரியாவால் வருவது. கொரோனா வைரசால் வருவது. ஆயினும் நுரையீரலைத் தாக்கும் பிளேக்கும் கொரோனாவும் மூச்சின்வழிப் பரவுபவை. ஆதலால், கொரோனாக் காலத்திலும் மருத்துவர்கள் முதலில் முகக்கவசம் அணிந்தனர். ஐயுறப்பட்டவரை முடிவு வரும்வரை தனியே வைத்தனர். நோய் உறுதியாகும்வரை காத்திராமல், ஐயம் எழுந்தபோதே காப்பதே மருத்துவரின் கடமை என்பதை வூவின் வாழ்வு உணர்த்துகிறது.

சிந்தித்து விடை எழுதுக:
1. வூ மக்களை எந்த மூவகையாகப் பிரித்தார்? ஏன்?
2. மெஸ்னியின் இறப்பு பிற மருத்துவர்களுக்கு எதனை உணர்த்தியிருக்கும்?