சாவுக் கணக்கைப் படம் போட்டுக் காட்டிய சீமாட்டி

கையில் விளக்குடன், நள்ளிரவில் நோயாளிகளைப் பார்த்து வரும் பெண். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கண்ட அந்தப் படம்தான் நம் நினைவுக்கு வரும்.

அந்த அம்மையார் தாமே தயாரித்த படம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. விளக்கு செய்த வேலையைவிட அந்தப் படம் செய்த வேலை பெரிது!

பணக்கார வீட்டுப் பெண்

1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி, இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்தைச் சேர்ந்த பெரும் பணக்காரர்கள். பிறந்த ஊரின் பெயரையே மகளுக்கு வைத்து விட்டார்கள். (அக்காள் பிறந்தது நேப்பிள்ஸ் நகரில். அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயர் பார்த்தினோப். அக்காளுக்கு அந்தப் பெயர்!)

சிறு வயதிலேயே அவருக்குக் கணக்கு என்றால் உயிர். நர்சு வேலைக்குப் போக வேண்டும் என்பது ஆசை. அந்தக் காலத்தில் அது மட்டமான வேலை. தாயாரும் அக்காளும் தடுத்தார்கள். அவர் விடவில்லை. 1851-ல் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெற்றார்.

செத்து மடிந்த சிப்பாய்கள்

1854-ல் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியின் பக்கம் சேர்ந்து, ரஷியாவுடன் சண்டை போட்டன. காயம் பட்ட இங்கிலாந்துச் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, துருக்கியில் உள்ள ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அந்த ஆண்டு நவம்பர் மாதம், 38 பெண்களுடன் பிளாரன்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அது ஆஸ்பத்திரியே அல்ல. பழைய பட்டாளக் கொட்டடி. எங்கே பார்த்தாலும் எலி, பேன், நாற்றம். கட்டிடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது.

பிளாரன்ஸ் தரையைக் கழுவச் செய்தார். துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். நல்ல சாப்பாடு கொடுத்தார். இரவில் விளக்குடன் சுற்றி வந்தார். சிப்பாய்கள் அவரைத் தெய்வமாக நினைத்தார்கள்.

ஆனாலும் சாவு குறையவில்லை. கூடியது! 1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள்.

மார்ச் மாதம் லண்டனில் இருந்து சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். சாக்கடையைக் கழுவி விட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதத்துக்குள் சாவு 100-க்கு 2 ஆக இறங்கியது.

கொன்றது யார்?

1856-ல் ஊர் திரும்பிய பிளாரன்ஸ், கணக்கு நிபுணர் வில்லியம் பார் என்பவருடன் உட்கார்ந்து, இறந்தவர்களை எண்ணத் தொடங்கினார்.

1855 ஜனவரியில் மட்டும் காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். மற்றக் காரணங்களால் 324 பேர். காலரா, பேதி, விஷக் காய்ச்சல் போன்ற நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர்!

எதிரியின் குண்டு ஒருவனைக் கொன்றால், நோய் 33 பேரைக் கொன்றிருக்கிறது. தாம் இரவு பகலாகக் காத்த கட்டிடமே சிப்பாய்களுக்கு எமனாக இருந்தது என்பதை அந்தக் கணக்கு சொல்லியது. படித்தபோது அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! வேறொருவராக இருந்தால் கணக்கை மூடி வைத்திருப்பார். அவர் ஊருக்கே காட்டத் துணிந்தார்.

நீல இதழ்கள்

வெறும் எண்களை நீட்டினால் மந்திரிகள் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே 1858-ல் கணக்கைப் படமாக மாற்றினார்.

பூ ஒன்று விரிந்தது போன்ற படம். ஆண்டுக்கு 12 மாதம். மாதத்துக்கு ஓர் இதழ். சாவு அதிகமானால் இதழ் பெரிதாகும். தடுத்திருக்கக் கூடிய நோய்களுக்கு நீலம். காயத்துக்குச் சிவப்பு. மற்றவைக்குக் கறுப்பு.

படத்தைப் பார்த்தால் எங்கும் நீலம்தான். சிவப்பு நடுவில் ஒடுங்கிக் கிடக்கும். பக்கத்தில் அடுத்த ஆண்டுப் படம். அதில் நீலம் சுருங்கி விட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விஷயம் விளங்கி விடும்.

படம் போட்ட அறிக்கையை அச்சடித்துப் பெரிய மனிதர்களுக்கு அனுப்பினார். ராணுவத்தில் சிலர் எதிர்த்தார்கள். பலிக்கவில்லை. பட்டாளக் கொட்டடிகளுக்குக் காற்றும், நல்ல தண்ணீரும், சாக்கடையும் வந்தன. இங்கிலாந்தின் புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அதில் இடம் பெற்ற முதல் பெண் அவரே.

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இங்கிருந்த முகாம்களுக்கெல்லாம் கேள்வித் தாள் அனுப்பிக் கணக்கு வாங்கினார். இங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்களில் ஆண்டுதோறும் 1,000-க்கு 69 பேர் இறந்து வந்தார்கள். 1863-ல் வெளியான அந்த அறிக்கையிலும் படங்களைச் சேர்த்தார். மறு ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் ஏற்பட்டன. 1873-ல் சாவு 18 ஆகக் குறைந்திருந்தது என்று அவரே எழுதினார்.

இவ்வளவையும் செய்தபோது அவர் நோயாளி. பல ஆண்டுகள் படுக்கையில் இருந்தபடியே எழுதினார்.

1910 ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில் லண்டனில் காலமானார். மன்னர்கள் பலரைப் புதைத்த வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் கொடுக்க முன்வந்தார்கள். உறவினர்கள் வேண்டாம் என்று கூறி விட்டார்கள். கிழக்கு வெல்லோ என்ற சிற்றூரில், குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கல்லில் அவர் பெயர்கூட முழுசாக இல்லை. இரண்டு முதலெழுத்துகள், பிறந்த தேதி, இறந்த தேதி. அவ்வளவுதான்.