விழியிலா இசைவாணர் டொம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலே ஜோர்ஜியா என்னும் மாநிலம் உளது. அடிமைகளை ஆடுமாடுகளோடு ஒருங்கு நிறுத்தி விலை கூறிய காலத்திலே, 1849ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், அம்மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் ஆண்மகவு பிறந்தது. தாய் சாரிற்றி, தந்தை மிங்கோ, இருவரும் அடிமைகள். தோமஸ் என்று பெயர்பெற்ற அப்பிள்ளைக்குக் கண்ணொளி இல்லை. குருட்டு அடிமையாற் பயன் யாது? அடுத்த ஆண்டில் அக்குடும்பம் விலைக்கு வந்தபோது, கொலம்பசு நகரத்து வழக்கறிஞரும் பத்திரிகாசிரியருமான ஜேம்ஸ் நீல் பெதூன் என்பவர் அதனை வாங்கினார். குழந்தைக்கென்று விலை ஏதும் பேசப்படவில்லை என்றும், தாயோடு சும்மா சேர்த்துவிடப்பட்டது என்றும் சொல்வர். அவ்வாறு விலையின்றி வந்த பிள்ளையே பின்னாளில் ஐம்பது ஆண்டுக்காலம் அரங்கேறிப் பெரும்பொருள் ஈட்டியது. ஈட்டியவர் டொம், எண்ணி எடுத்தவர் பிறர்.

குழந்தைப் பருவத்தில் டொம் பிற பிள்ளைகளைப் போலப் பேசிப் பழகவில்லை. தனக்கு வேண்டியது இன்னது என்று கேட்கும் சொல் அவனிடத்திற் காண்டல் அரிது. ஆயினும், காதில் விழுந்த ஓசை எதுவும் அவனை விட்டு நீங்கியதில்லை. சேவல் கூவினால் அவ்வாறே கூவுவான். மழைநீர் பீலியில் விழும் ஒலியைக் கேட்டு மெய்ம்மறந்து நிற்பான். பெரியோர் பத்து நிமிட நேரம் உரையாடியதைப் பொருள் அறியாமலே அவரவர் குரலில் ஒப்பிப்பான். பெதூன் வீட்டுப் பெண்மக்கள் பியானோ வாசிக்கும் வழக்கம் உடையர். ஏறத்தாழ நாலு வயதளவில் அவன் அக்கருவியின் முன் அமர்ந்து, அவர்கள் வாசித்தவற்றைத் தானும் வாசித்தான். கூரையிற் கொட்டிய மழையைக் கேட்டு ஐந்து வயதளவில் அதனையே ஓர் இசையாக்கினான் என்பர். மழைப்புயல் என்னும் பெயரோடு அது பின்னர் அச்சேறியது.

1857இல், எட்டு வயதில், கொலம்பசு நகரில் முதற் கச்சேரி நடந்தது. கூட்டத்தைக் கண்ட பெதூன், பெரி ஒலிவர் என்னும் காட்சி வணிகருக்குப் பையனைக் குத்தகைக்கு விட்டார். வயலைக் குத்தகைக்கு விடுவது கேட்டிருக்கிறோம். ஒரு பிள்ளையின் பத்து விரல்களையும் குத்தகைக்கு விட்ட கதை இது. ஒலிவர் அவனை ஊர் ஊராகக் கொண்டுசென்றார். ஒரே நாளில் நான்கு காட்சிகள் நடந்ததும் உண்டு. 1860இல் வாஷிங்டனில் ஜனாதிபதி புக்கானன் முன்னிலையில் வாசித்தபோது டொம்முக்கு வயது பதினொன்று நிரம்பியிருக்குமோ என்பதே ஐயம்.

அவன் ஆற்றலைச் சோதிக்க வந்தோர் பலர். எங்கும் வெளிவராத நீண்ட உருப்படிகளை எழுதிக்கொண்டு வந்து ஒருமுறை வாசித்துக் காட்டுவர். டொம் கேட்டபடியே திருப்பி வாசிப்பான். 1862இல் அவனைப் பற்றி எழுதிய ரெபெக்கா ஹார்டிங் டேவிஸ் என்னும் எழுத்தாளர் கூறும் செய்தி ஒன்று சுவையுடையது. இருவர் சேர்ந்து வாசித்தற்குரிய உருப்படி ஒன்றைச் சோதிக்க வந்தவர் தொடங்க, அதனை முன்பின் கேட்டிராத டொம் துணைப்பகுதியை அப்பொழுதே அமைத்து வாசித்தான். முடிந்ததும் வந்தவரை இருக்கையிலிருந்து தள்ளிவிட்டு, அவர் பகுதியையும் தானே வாசித்தான். வலக்கையில் ஒரு பாட்டு, இடக்கையில் ஒரு பாட்டு, வாயில் மூன்றாவது பாட்டு என மூன்றினையும் ஒருங்கே நடத்துவதும், கருவிக்கு முதுகு காட்டி நின்று வாசிப்பதும் அவன் செய்தவை. நம் அவதானிகள் பல்லாண்டுப் பயிற்சியாற் பெறும் ஒருங்கமைவு அவனுக்கு இயல்பாக இருந்தது போலும். ஆனால் அவதானிக்கு அவையில் ஆசனம் உண்டு. தான் வேண்டாம் என்றால் எழுந்து போகும் உரிமையும் உண்டு.

கிளிப்பிள்ளையே அன்றிப் படைப்பாளி அல்லன் என்று அவனை அன்று பலர் ஒதுக்கினர். இது நேரிய மதிப்பீடு அன்று. மனாசாஸ் போர் என்னும் அவனுடைய இசையாக்கம் ஒன்றே இதற்குப் போதிய மறுப்பு. 1861இல் நடந்த அப்போரைப் பிறர் சொல்லக் கேட்டு அதனை அமைத்தான். இரு திறத்துப் படைகளின் பாட்டுக்களும் வந்து கலக்கும். பீரங்கி முழங்கும் இடங்களில் கருவியின் தாழ்ந்த கட்டைகளை உள்ளங்கையாற் பலவாக ஒருசேர அழுத்துவான். புகைவண்டியின் ஊதலை வாயாலேயே ஒலிப்பான். சுரங்களைக் கொத்தாக அழுத்தி ஓசை எழுப்பும் அம்முறை இருபதாம் நூற்றாண்டில் புதுமை என்று கொண்டாடப்பட்டது. இதில் நெஞ்சை உறுத்துவது வேறொன்று: அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படைக்கு நிதி திரட்டிய கச்சேரிகளில், அடிமைப் பிள்ளை ஒருவனே வாசிக்க நேர்ந்தது.

1865இல் போர் முடிந்தது; அடிமைகள் விடுதலை பெற்றனர். டொம்முக்கு மட்டும் அவ்விடுதலை வந்து சேரவில்லை. பெதூன் முந்திக்கொண்டு, பெற்றோரிடம் ஒப்பந்தம் பெற்று வைத்திருந்தார். தாமும் ஒருகால் அடிமையாயிருந்த ராப்ஸ் குரோஸ் என்னும் கறுப்பினக் காட்சியாளர் சின்சினாற்றி நகரில் வழக்குத் தொடுத்தார், தோற்றார். 1866இல் டொம்மை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே மொஷெலஸ், சார்ல்ஸ் ஹாலே என்னும் பெரும் இசைவாணர்கள் அவரைச் சோதித்து நற்சான்று வழங்கினர். இளமையை அவன் என்று சொல்லிவந்த யாம் இனி அவர் என்கின்றோம். விளம்பரத் தாள்களில் அவர் இறுதிவரை குருட்டு டொம் மட்டுமே.

1870இல் வேர்ஜீனியா நீதிமன்றம் அவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என்று தீர்த்து, பெதூனின் மகன் ஜோனைப் பாதுகாவலர் ஆக்கியது. எஜமானர் என்ற பெயர் போய்ப் பாதுகாவலர் என்ற பெயர் வந்தது. பணப்பெட்டி வீடு மாறவில்லை. 1884இல் ஜோன் புகைவண்டியின்கீழ் விழுந்து இறந்தார். அவரைப் பிரிந்திருந்த மனைவி எலீசா டொம்மைத் தம்மிடம் ஒப்புவிக்க வேண்டுமென வழக்காடினார். மகனோடு வாழலாம் என்ற ஆசையால் முதிய தாய் சாரிற்றியும் அவர் பக்கம் நின்றார். 1887இல் எலீசா வென்றார். நியூயோர்க் சென்ற தாயோ எண்ணியது கைகூடாமல் ஜோர்ஜியாவுக்கே திரும்பினார். இத்தனை வழக்கிலும் டொம்மின் விருப்பம் யாது என்பது தீர்ப்புக்கு உரிய வினாவாகக் கொள்ளப்படவில்லை.

அவர் தம்மை நான் என்று சொல்லும் வழக்கம் இல்லாதவர். பிறன் ஒருவனைச் சுட்டுவதுபோல் டொம் என்றே சொல்வார். காட்சி நடத்துவோர் தம்மை அறிமுகஞ் செய்யும் உரையையும் மனத்திற் கொண்டு, மேடையில் தாமே அதனைச் சொல்வார். 1894இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அவரைக் கேட்ட வில்லா காதர், அக்காலத்தில் இளம் பத்திரிகை எழுத்தாளர், இதனை எழுதி வைத்துள்ளார். தம் மதிக்குறையைப் பற்றிய பிறருடைய சொற்களை அம்மனிதர் தம் வாயாலேயே அமைதியாக எடுத்துச்சொன்ன காட்சி அவரைத் திகைப்பித்தது. பின்னர் அவர் தம் நாவல் ஒன்றில் டொம்மை ஒத்த பாத்திரம் ஒன்றையும் படைத்தார்.

அறிவு குறைந்தும் ஒரு துறையில் வியத்தகு ஆற்றல் உடையோரை 1887இல் இலண்டன் மருத்துவர் லாங்டன் டவுன் தனி வகுப்பாகக் குறித்தார். ஓட்டிசம் என்னும் நிலையை லியோ கன்னர் 1943இலேதான் விரித்தெழுதினார். கேட்டதை அவ்வாறே திருப்பிச் சொல்லுதல், தன்னைப் பெயர்சொல்லிச் சுட்டுதல், ஓசைகளில் ஆழ்ந்துபோதல் ஆகியவற்றை நோக்கி, டொம் அந்நிலையினர் ஆகலாம் என இன்று ஆராய்வோர் பலர் கருதுவர். இறந்தார்க்கு நோய் நாடுதல் எளிதன்று. எனினும், மடமை என்று அன்று முத்திரையிட்டது பேதைமை அன்று, வேறொரு மனவமைப்பு என்று கொள்வதே பொருந்தும் என்பது எம் கருத்து.

1908ஆம் ஆண்டு யூன் மாதம் நியூஜேர்சி மாநிலத்து ஹொபோக்கன் நகரில், பாரிசவாதத்தின் பின், எலீசாவின் வீட்டில் டொம் காலமானார். புரூக்ளினில் அடக்கம் செய்யப்பட்ட அவர் கல்லறை நெடுங்காலம் பெயர்க்கல் இன்றிக் கிடந்தது. அவர் உடல் தம்மூருக்கே கொண்டுவரப்பட்டது என்று சொல்வார் கொலம்பசிலும் உளர். அங்கும் ஒரு நினைவுக்கல் நிற்கின்றது.