பதினோரு வாக்குகள்

1938 நவம்பர் 10. பம்பாய் மாகாணச் சட்டப்பேரவையில் ஒரு தீர்மானம் வந்தது. பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தும் வழிகளை அரசே மக்களிடம் தீவிரமாக எடுத்துச் சொல்ல வேண்டும், அதற்கான வசதிகளையும் செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். ஆதரவாக 11 வாக்குகள், எதிராக 52. தீர்மானம் தோற்றது. அந்தத் தீர்மானத்துக்கு உரியவர் அண்ணல் அம்பேத்கர். அன்று அவர் அவைக்கு வர இயலாததால், அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர் பி.ஜே. ரோகம் அவர் சார்பில் அதை முன்மொழிந்தார்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போடுகிறோம். மகத் குளம், வட்டமேசை மாநாடு, அரசியல் சட்டம் என்று மேடையில் பேசுகிறோம். இந்த நவம்பர் 10 பற்றி நாம் பேசுவதில்லை. ஆனால் அண்ணலின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

1891இல் மாவ் ராணுவக் குடியிருப்பில் ராம்ஜி, பீமாபாய் தம்பதியின் 14ஆவது குழந்தையாகப் பிறந்தவர் அவர். அந்த 14 பேரில் பலர் பிழைக்கவில்லை. பீமராவ் சிறு பையனாக இருக்கும்போதே தாயும் இறந்துபோனார். 1906இல் ரமாபாயுடன் திருமணம். இருவருமே அப்போது சிறார்கள். அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926இல். மிஞ்சியவர் யஷ்வந்த் ஒருவரே. கணவர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்த ஆண்டுகளில் வறுமையைத் தனியாகச் சுமந்த ரமாபாய், நெடுநாள் நோயில் கிடந்து 1935 மே 27 அன்று கண் மூடினார். பிள்ளைப்பேறு ஏழைப் பெண்ணின் உடலை என்ன செய்யும் என்பதை அண்ணல் தன் வீட்டிலேயே கண்டவர்.

பொதுவாழ்விலும் அவர் இதை விடவில்லை. 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் ஆலைப் பெண் தொழிலாளர்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். மறு ஆண்டு அது சட்டமானது. பம்பாயில் கருத்தடை ஆலோசனை நிலையம் நடத்தியவர் ரகுநாத் தோண்டோ கார்வே. பாலியல் அறிவைப் பரப்பிய அவருடைய பத்திரிகை மீது ஆபாச வழக்கு தொடுக்கப்பட்டபோது, 1934இல் நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் அம்பேத்கர்தான். வழக்கு தோற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே கருத்தைச் சட்டப்பேரவைக்குக் கொண்டுவந்தார்.

அந்தத் தீர்மான உரையின் அடிப்படை, பெண்ணின் விருப்பம். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பெண் பிள்ளை வேண்டாம் என்று நினைத்தால், அதைத் தடுக்கும் ஆற்றல் அவள் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் வாதம். தமிழகத்தில் அதே காலத்தில் பெரியாரும் கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையோடு சேர்த்தே பேசினார். 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், மகள்களுக்கு அவசரப்பட்டு மணம் முடிக்க வேண்டாம், அளவுக்கு மீறிப் பிள்ளை பெறவும் வேண்டாம், கணவனுக்கு அடிமையாக அல்லாமல் தோழியாக நில்லுங்கள் என்று அண்ணல் அறிவுறுத்தினார். 1951இல் அவருடைய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வெளியிட்ட தேர்தல் அறிக்கையிலும் கருத்தடை நிலையங்கள் திறக்கும் கோரிக்கை இடம்பெற்றது.

1952இல் இந்திய அரசு, உலகிலேயே முதன்முதலாக, குடும்பக்கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக அறிவித்தது. 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். அதன் பிறகு அந்தத் திட்டம் போன பாதையை நாம் மறக்கக் கூடாது. மக்கள்தொகைப் பெருக்கம்தான் வறுமைக்குக் காரணம் என்ற பேச்சு ஓங்கியது. பெண்ணின் விருப்பம் பின்னுக்குப் போய், இத்தனை அறுவைச் சிகிச்சை என்ற இலக்கு முன்னுக்கு வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வட மாநிலங்களில் ஆசிரியர்களுக்குக்கூட ஆள் பிடிக்கும் கணக்கு கொடுக்கப்பட்டது. எதிர்த்துப் பேச வலிமை இல்லாத ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்களே அதிகம் சிக்கினார்கள். 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்த ஒரு முகாமை அடுத்துப் பெண்கள் அடுத்தடுத்து இறந்ததை நாளிதழ்களில் படித்தோம்.

அம்பேத்கர் கேட்டது வசதி. பின்னால் வந்தவர்கள் கொண்டுவந்தது கட்டாயம். இரண்டுக்கும் பெயர் குடும்பக்கட்டுப்பாடுதான். ஆனால் முதலாவதில் முடிவு எடுப்பவள் பெண். இரண்டாவதில் அவள் ஒரு எண்.

நெருக்கடி நிலையில் பெருமளவு ஆண்களுக்கே அறுவை செய்தார்கள். அது முடிந்த பின் ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள, சுமை முழுதும் பெண்கள் மீது இறங்கியது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது வெறும் 0.3 விழுக்காடு. இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதுதான் எளிய அறுவை. நம் தெருவிலும் இதே கதைதான். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் படுப்பவள் அவள். வாரம் திரும்புமுன் தண்ணீர்க் குடம் தூக்குபவளும் அவள். ஊர்ப் பயமும் ஆண் என்ற வீம்பும் நம் சேரியையும் விட்டுவைக்கவில்லை.

கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறோம். அடுத்த ஏப்ரல் 14 கூட்டத்தில் இந்த 11 வாக்குகளையும் பேசுங்கள். அம்மாக்களும் அக்காக்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே பேசுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது, திண்ணையை விட்டு எழுந்து போகாமல் ஆண்களும் உட்கார்ந்து கேட்கட்டும். எத்தனை பிள்ளை, எப்போது, போதுமா என்பதில் முதல் வார்த்தை அவளுடையதாக இருக்கட்டும். 1938இல் 52 பேர் மறுத்தது அதைத்தான். இன்று நம் வீட்டில் நாம் எந்தப் பக்கம் கை தூக்குகிறோம்?